ஞானபூரணியும் விருசுழியாற்றின் வறண்ட நாள்களும்

1.6.2019 – 31.5.2020: நாள் 366, எழுதியது 361, காட்டியது 44
1.6.2020 – 31.5.2021: நாள் 365, எழுதியது 354, காட்டியது 71
1.6.2021 – 31.5.2022: நாள் 365, எழுதியது 362, காட்டியது 102
1.6.2022 – 31.5.2023: நாள் 365, எழுதியது 362, காட்டியது 39
1.6.2023 – 31.5.2024: நாள் 366, எழுதியது 366, காட்டியது 58
கூட்டல்: நாள் 1827, எழுதியது 1805, காட்டியது 314

மேலே உள்ள கணக்கு, தேவகோட்டைப் பக்கம் விருசுழியாற்றில் புளியடி ஏந்தல் என்னும் ஊரருகே நடப்பட்டிருந்த ஓர் அளவுகோலைப் பற்றியது. தினமும் காலை எட்டு மணிக்கு அந்தக் கோலில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்து எழுதியவர் சூசைமரியான். அவர் எழுதியதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டும் காட்டியது ஒரு கணினி நிரல். மீதியை மீட்கப் பாடுபட்டவர் அவருடைய தங்கை ஞானபூரணி. நான் எழுத வந்தது ஞானபூரணியைப் பற்றி.

அவர் 2.5.2016 முதல் காரைக்குடி செக்காலையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். கணவர் ஜோசப் ராஜ் மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை மாலை வந்து திங்கட்கிழமை முதல் பேருந்தில் போவார். நான் ஓர் அலுவலகத்தில் நாற்பத்தோரு ஆண்டு பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். பெயர் காசி. இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது. அது அதனிடத்தில் வரும்.

ஞானபூரணி 1979 செப்டம்பரில் புளியடி ஏந்தலில் பிறந்தவர். தேவகோட்டையில் பள்ளிப் படிப்பு, காரைக்குடியில் கணிதத்தில் பட்டம். 2002 முதல் பதினைந்து ஆண்டு, வெளிநாட்டு மருத்துவமனைகளின் ரசீதுகளைக் கணினியில் ஏற்றும் ஒரு நிறுவனத்தில் இருந்தார். அங்கே ஒரே ரசீதை இருவர் தனித்தனியாக ஏற்றுவார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஆறு பேர். அந்த ஆறு பேரில் இவரும் ஒருவர். வீட்டில் உட்கார்ந்து புத்தகம் பார்த்து நிரல் எழுதப் பழகி, அந்த ஒப்பிடும் வேலையைத் தானே செய்யும் ஒரு சின்ன நிரலை எழுதிக் கொடுத்தார். நிறுவனம் பாராட்டி ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. நான்கு மாதம் கழித்து, ஒப்பிடும் வேலைக்கு இனி ஆள் தேவையில்லை என்று ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பியது.

அந்தக் கடிகாரம் இன்னும் மாடியில் மாட்டியிருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்தும்.

இப்போது ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் மதிப்பெண் ஏற்றுகிறார். நிரல் எழுதும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. அவர் செய்யும் முறை எனக்குப் பிடிக்கும். முதலில் கட்டம் போட்ட நோட்டில் தமிழில் படிப்படியாக எழுதுவார்: ‘தேதியை எடு, எண்ணை எடு, எண் இல்லையென்றால் நில்.’ அதைப் பென்சிலால் நான்கு முறை அடித்துத் திருத்திய பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பார்.

2020இல் ஊரடங்கு வந்தபோது அண்ணனைப் பார்க்கப் போக முடியவில்லை. அண்ணன் தினமும் போனில் அனுப்பும் ஆற்று அளவு ஓர் அரசு இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியும். அதையாவது பார்ப்போம் என்று திறந்தார். அந்தத் தளம் ஒரு நேரத்தில் ஓர் இடத்தின் ஒரு மாதக் கணக்கைத்தான் தரும்; அதற்கும் ஆறு கட்டங்களை நிரப்ப வேண்டும். இந்தத் தொல்லை பொறுக்காமல் நாட்டின் பல மூலைகளிலும் இருக்கும் சிலர் கூடி, தளத்திலிருந்து ஆற்றுக் கணக்கை மொத்தமாக எடுத்து வந்து ஒழுங்குபடுத்தித் தரும் நிரல் ஒன்றை எழுதி, திறந்த மூலமாக வெளியிட்டிருந்தார்கள். அதை யாரும் படிக்கலாம், யாரும் பயன்படுத்தலாம், யாரும் திருத்தம் சொல்லலாம். ஆனால் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் உள்ளே சேரும். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞானபூரணி அதில் மாவட்டப் பெயர்களில் இருந்த சில பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். பங்களித்தவர்கள் பட்டியலில் பதினோராவதாக அவர் பெயர் சேர்ந்தது. அன்று என் மனைவி தேனம்மைக்கு மாடியிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வந்தது.

12.8.2024, திங்கட்கிழமை, சூசைமரியானுக்குத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆற்று அளவு எடுக்கும் இடங்களை ஓர் ஆய்வுக் குழு பரிசீலித்திருக்கிறது. ஐந்தாண்டில் அறுபது விழுக்காட்டுக்குக் குறைவாகப் பதிவு உள்ள முப்பத்தோரு இடங்களை மூடப் பரிந்துரைத்திருக்கிறது. புளியடி ஏந்தல், 17.2 விழுக்காடு. ஆட்சேபணை இருந்தால் 31.12.2024க்குள் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபணையோடு இணைக்கும் எண், குழு பயன்படுத்திய நிரலின் வெளியான பதிப்பிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். அந்த நிரல், ஞானபூரணி பதினோராவது ஆளாக இருந்த அதே நிரல்.

சூசைமரியான் கடிதத்தை எடுத்துக்கொண்டு செக்காலைக்கு வந்தார். ஐம்பத்திரண்டு வயது. அரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது இந்த வேலையின் சம்பளம் மட்டும்தான். மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பத்தொம்பது வருசமாப் போறேன் பூரணி. நான் போகவே இல்லேங்கிறாக.”

“போகலேன்னு எழுதலண்ணே. பதிவு இல்லேன்னு எழுதியிருக்காக.”

“ரெண்டும் ஒண்ணுதான? எடத்தை மூடிட்டா நான் என்ன செய்வேன், சொல்லு. இந்த வயசுல திருப்பூருக்கா போவேன்?”

“மூட விட மாட்டேண்ணே” என்றார் ஞானபூரணி. அவர் அப்படி உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்குப் பதின்மூன்று நாள் ஆனது. 25.8.2024, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து வாசலிலேயே சொன்னார். நிரலுக்குள் ஒரு விதி இருந்தது. ஒரே எண் எட்டு நாளுக்கு மேல் தொடர்ந்து வந்தால், அளக்கும் கருவி சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொண்டு, அந்த நாள்கள் அனைத்தையும் ‘பதிவு இல்லை’ என்று கழித்துவிடும். வற்றாத ஆறுகளுக்குச் சரியான விதி. விருசுழியாறு ஆண்டில் பத்து மாதம் வெறும் மணல். அண்ணன் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துச் சுழியம் என்று அனுப்புகிறார். சுழியம், சுழியம், சுழியம். நிரல் அத்தனையையும் கழித்துவிட்டது.

“ஆறு வறண்டு கெடக்குன்னு ஒரு மனுசன் போயிப் பாத்துச் சொல்றதும், ஒருத்தரும் போகலேங்கிறதும் அதுக்கு ஒண்ணாப் போச்சுய்யா” என்றார்.

28.8.2024 அன்று திருத்தக் கோரிக்கையை அனுப்பினார். திருத்தம் மூன்றே வரி. பொறுப்பாளர் பெயர் பிரணப். குவாஹாத்தியில் ஒரு கல்லூரியில் வேலை பார்ப்பவர். பதில் இல்லை. பதினான்காம் நாள் ஒரு பதில் வந்தது. அது பிரணப்பிடமிருந்து அல்ல, ஓர் இயந்திரத்திடமிருந்து. ‘இந்தக் கோரிக்கையில் பதினான்கு நாளாக அசைவில்லை. இன்னும் ஏழு நாளில் மூடப்படும்.’ மூடாமல் இருக்க யாராவது ஏதாவது எழுத வேண்டும். ‘இன்னும் காத்திருக்கிறேன்’ என்று ஞானபூரணி எழுதினார்.

இதைக் கேட்ட தேனம்மைக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “ஏம்மா, நீ உசுரோட இருக்கேன்னு அந்த மெசினுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருக்கணுமா? பென்சன் வாங்குற இவுகளே வருசத்துக்கு ஒருக்காத்தான் போடுறாக.”

“சிரிக்க வைக்காதீக ஆச்சி, எனக்கு அழுகை வருது” என்று சொல்லிக்கொண்டே ஞானபூரணி சிரித்தார்.

16.9 அன்று பிரணப் எழுதினார்: திருத்தம் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் சோதனைகளைச் சேர்க்கவும். இரண்டு நாளில் ஞானபூரணி சேர்த்தார். 5.10 அன்று: ஒரே கோரிக்கையில் இரண்டு திருத்தம் இருக்கிறது, தனித்தனியாகப் பிரிக்கவும், ஓரிடத்தில் வைத்த பெயர் எங்கள் வழக்கப்படி இல்லை, மாற்றவும். அன்று மாலையே பிரித்தார், மாற்றினார். 7.10 அன்றுதான் பிரணப் தன் தயக்கத்தின் உண்மையான காரணத்தைச் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் நாற்பது நாள் மிஞ்சியிருக்கும்.

அவர் சொன்ன காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அரசு இணையதளத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஆள் போகாத நாளிலும் அது தானாக 0.00 என்று போட்டுவிடும். ஆகவே ஒரு சுழியத்தைப் பார்த்து, ஆள் போய்ப் பார்த்த சுழியமா, தளம் தானே இட்ட சுழியமா என்று எப்படிப் பிரிப்பது? பிரிக்க முடியாதபோது எல்லாவற்றையும் கழிப்பதே பாதுகாப்பு என்றார் பிரணப்.

ஞானபூரணி அதற்கும் வழி கண்டார். தளத்தில் யாரும் கவனிக்காத ஒரு பத்தி உண்டு: போனிலிருந்து செய்தி வந்து சேர்ந்த நேரம். சுழியத்துக்கு எதிரே நேரம் இருந்தால் ஆள் அனுப்பியது. நேரம் இல்லாவிட்டால் தளம் இட்டது. பிரணப் இதை ஏற்றார், ஒரு நிபந்தனையோடு. ‘உங்கள் விதி நல்ல விதி. ஏதாவது ஓர் இடத்தின் கையெழுத்துப் பதிவோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டும் பொருந்தினால் அன்றே சேர்க்கிறேன்.’

13.10.2024 அன்று ஒரு துணிப்பையில் ஐந்து நோட்டுகளோடு ஞானபூரணி கீழே வந்தார். சூசைமரியானின் கையெழுத்து நோட்டுகள், ஆண்டுக்கு ஒன்று.

“ஐயா, கல்லூரியில செமஸ்டர் வேலை கழுத்தை நெரிக்குது. இதை நாள் வாரியாக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? நீங்க ஏத்தினா நான் சரிபாக்கக்கூட வேண்டியதில்ல.”

நான் ஒப்புக்கொண்டேன். அவர் சொன்ன கடைசி வாக்கியம் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இருபத்தெட்டு நாள் ஏற்றினேன். நோட்டில் நாளுக்கு ஒரு வரி. தண்ணீர் இருந்த நாள்களில் எண் எழுதியிருந்தது. வறட்சி தொடங்கும் முதல் நாளில் ‘0.00’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே தண்ணீர் வரும்வரை நெட்டுக்கு ஒரு கோடு இறங்கியது. சில இடங்களில் அந்தக் கோடு ஏழெட்டுப் பக்கம் போனது. எண் இருந்த நாள் 352. அவற்றை ஏற்றினேன். கோடு இருந்த நாள்களைக் காலியாக விட்டேன். எழுதாத எண்ணை எழுதியதாக நான் என் வாழ்நாளில் ஏற்றியதில்லை. அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: ‘மற்ற நாள்களுக்கு நோட்டில் எண் இல்லை.’ 10.11.2024 அன்று கொடுத்தேன். ஞானபூரணி திறந்துகூடப் பார்க்காமல் அன்றே அனுப்பினார்.

21.11.2024 அன்று பிரணப்பின் பதில் வந்தது. ‘நேரம் பதிவான சுழியங்களில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் கையெழுத்துப் பதிவில் எதுவும் இல்லை. உங்கள் சான்றே உங்கள் விதியைப் பொய்யாக்குகிறது. வருத்தத்துடன் இந்தக் கோரிக்கையை மூடுகிறேன்.’

ஞானபூரணி படியில் இறங்கி வந்த ஓசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஐயா, வெறுமனே விட்டுட்டீகளே! கோட்டைப் பாக்கலையா?”

“பார்த்தேன். கோடு எண் இல்லையே, பூரணி.”

“நீங்க உங்க நோட்டுல ‘மேற்படி’ன்னு போடுறீகளே, அது எண்ணா?”

“அது வேற. அது ஒவ்வொரு வரியிலும் தனியாப் போடுறது. உங்க அண்ணன் மாசம் முழுமைக்கும் ஒரே இழுப்பா இழுத்திருக்கார். அவர் தினமும் போனாரா, மாசக் கடைசியில உட்கார்ந்து இழுத்தாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் முகம் மாறியது. “எங்க அண்ணன் போகலேங்கிறீகளா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“அந்த மெசினும் இதைத்தான்யா சொல்லுச்சு.”

தேனம்மை அடுப்படியிலிருந்து வந்தாள். “இவுககிட்டப் போயிக் கொடுத்தியே பூரணி. எங்க கல்யாணப் பத்திரிகையிலயே பிழை திருத்தித் திருப்பி அனுப்பினவுக இவுக. உங்க அண்ணன் கோட்டை விடுவாகளா?”

நான் நோட்டுகளைத் துணிப்பையில் எடுத்து வைத்தேன்.

24.11.2024, ஞாயிற்றுக்கிழமை, நானும் ஞானபூரணியும் ஐந்து நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு தேவகோட்டைக்குப் பேருந்திலும் அங்கிருந்து ஆட்டோவிலும் புளியடி ஏந்தல் போனோம். வழியில் அவர் என்னோடு பேசவில்லை. மழைக்காலம், ஆற்றில் கெண்டைக்காலளவு தண்ணீர் ஓடியது. சூசைமரியான் கரையில் நின்று கோலைக் காட்டினார்.

“தண்ணி ஓடுனா இங்குட்டு நின்னே பாத்துட்டுப் போயிருவேன்யா. ஒரு நிமிசச் சோலி. தண்ணி இல்லேன்னாத்தான் சிரமம். எறங்கி, கோலு அடி வரைக்கும் நடக்கணும். குழியில தண்ணி கெடக்கான்னு பாக்கணும். ஊத்து கசியுதான்னு பாக்கணும். ஒண்ணுமில்லேன்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் சைபரு அனுப்புவேன்.”

“நோட்டுல ஏன் சுழியம் எழுதல?” என்று கேட்டேன்.

“எழுதிக்கிட்டுத்தான்யா இருந்தேன், மொதல்ல. பக்கம் பூரா சைபரா இருந்தா, எந்த நாளு தண்ணி வந்துச்சுன்னு கண்ணுக்குத் தட்ட மாட்டேங்குது. கோடு போட்டா, கோடு முறிஞ்ச எடம் தண்ணி. சட்டுன்னு தெரியும்.”

“ஒரேயடியா இழுத்துடுவீங்களா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நோட்டை வாங்கி ஒரு பக்கத்தைப் பிரித்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தார். “நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். அது ஒரே கோடு இல்லை. ஒரு வரியின் உயரத்துக்கு ஒரு சின்னக் கீற்று. அதன் அடியில் அடுத்த நாளின் கீற்று. அதன் அடியில் இன்னொன்று. ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை விலகல் இருந்தது. ஒரு கீற்று தடிமன், ஒரு கீற்று மெலிவு. ஓரிடத்தில் நீலம் கறுப்பாக மாறியது. இன்னோரிடத்தில் மூன்று நாள் மட்டும் சிவப்பு.

“இது என்ன சிவப்பு?”

“பேனா தீந்துபோச்சு. அது எங்க வீட்டுக்காரி மாதாகோயில் அன்பியக் கூட்டத்துல நோட்டு எழுதுற பேனா. எடுத்துட்டேன்னு மூணு நாளு ஏச்சு.”

நான் பக்கங்களைத் திருப்பினேன். 2021 மே மாதத்தில் கோடு இல்லாமல் பதினொரு வரி வெறுமையாக இருந்தது. ஒன்பதாம் தேதியிலிருந்து பத்தொன்பது வரை. ஏற்றும்போது அதையும் கோட்டு நாள்களோடு சேர்த்துக் காலி என்றே விட்டிருந்தேன். வித்தியாசமே எனக்குத் தோன்றவில்லை.

“இந்த நாள்கள்?”

“கொரோனாய்யா. சிவகங்கை ஆஸ்பத்திரியில கெடந்தேன். போகாத நாளைக்கு எப்பிடிக் கோடு போடுவேன்?”

ஞானபூரணி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே இரண்டாம் முறை ஏற்றத் தொடங்கினேன். இந்த முறை ஒவ்வொரு கீற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, தனித்தனியாக எண்ணி, மை நிறம் மாறும் இடங்களைக் குறித்து ஏற்றினேன். ஞானபூரணி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தார். 27.12.2024 வெள்ளிக்கிழமை முடிந்தது. முப்பத்து மூன்று நாள். 1827 நாளில் எழுதியது 1805, வெறுமை 22. தளத்தின் நேரப் பத்தியில் நேரம் இல்லாத நாள்களை ஞானபூரணி எண்ணினார். 22. தேதியும் ஒன்றுகூட மாறவில்லை. என் ஆயுளில் இரண்டு பதிவுகள் அவ்வளவு சுத்தமாக ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அன்றே அனுப்பினோம். பிரணப் விடுமுறையில் இருந்தார். ‘ஜனவரி முதல் வாரத்துக்குப் பின் பார்க்கிறேன்’ என்று தானாக ஒரு பதில் வந்தது. பொறுப்பாளரைத் தவிர வேறு யாரும் திருத்தத்தைச் சேர்க்க முடியாது. அவருக்கு விடுமுறை எடுக்க உரிமை உண்டு, சம்பளமில்லாமல் செய்கிறார். அது தெரிந்தும் நான் அன்று அவரைத் திட்டினேன்.

30.12.2024 அன்று ஞானபூரணி கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“சார், எங்ககிட்டச் சரியான எண் இருக்கு. தொண்ணூத்தெட்டு புள்ளி எட்டு விழுக்காடு.”

“வெளியான நிரல்ல எடுத்ததா மேடம்?”

“அந்த நிரல்லதான் சார் தப்பே இருக்கு.”

“அப்ப அதைச் சரி பண்ணிட்டு அனுப்புங்க.”

“அதுக்குள்ள தேதி போயிருமே சார்.”

“அதுக்கு நாங்க என்ன மேடம் செய்ய முடியும்?”

தேதி போனது. 9.1.2025, வியாழக்கிழமை, பிரணப் திருத்தத்தைச் சேர்த்தார். கூடவே எழுதினார்: ‘நான் பிரம்மபுத்திரா கரையில் பிறந்தவன். ஆறு என்றால் தண்ணீர் என்றே நினைத்துவிட்டேன். மன்னிக்கவும். இந்தத் திருத்தத்தால் நாடெங்கும் வறண்ட பகுதிகளில் நூற்று நாற்பது இடங்களுக்கு இழந்த நாள்கள் திரும்பி வந்திருக்கின்றன.’ நல்ல மனிதர். ஒன்பது நாள் பிந்திய நல்ல மனிதர்.

“நூத்தி நாப்பது எடத்துக்கு ஆச்சு” என்றார் ஞானபூரணி. “எங்க அண்ணனுக்கு ஆகுமான்னு தெரியல.”

10.1.2025 அன்று ஆட்சேபணையைப் பதிவு அஞ்சலில் அனுப்பினார். புதிய பதிப்பின் எண், நோட்டுப் பக்கங்களின் படம், ஒப்பிட்ட பட்டியல், எல்லாம் இணைத்து நாற்பத்தேழு பக்கம். 29.1 அன்று பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. சூசைமரியான் காலையில் ஆற்றுக்குப் போய்விட்டு எட்டரை மணிக்குத் தங்கைக்குப் போன் செய்து, “ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்பார். கடிதம் அவர் முகவரிக்குத்தான் வரும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார்.

4.3.2025, செவ்வாய்க்கிழமை, அவரே கடிதத்தோடு வந்தார். ஆங்கிலக் கடிதம். ஞானபூரணி படித்து, தமிழில் சொன்னார். திருத்தப்பட்ட 98.8 விழுக்காடு பதிவில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆட்சேபணை கடைசி நாளுக்குப் பின் பெறப்பட்டதால், மூடும் முடிவில் மாற்றமில்லை. அளவுகோலையும் நோட்டுகளையும் 31.3.2025க்குள் ஒப்படைக்க வேண்டும்.

“அப்ப நான் போனேன்னு ஒத்துக்கிட்டாகளா?” என்று சூசைமரியான் கேட்டார்.

“ஒத்துக்கிட்டாக.”

“ஒத்துக்கிட்டும் மூடுறாகளா?”

“ஆமாண்ணே.”

“போகலேன்னு சொல்லி மூடியிருந்தாலாவது ஒரு காரணம் இருக்கும்” என்றார் அவர். தேனம்மை கொடுத்த காப்பியை வாங்கிக் கீழே வைத்தார். எடுக்கவில்லை.

அப்போது நான் அவரிடம் சொன்னேன். நான் முதல் முறையே நோட்டை ஒழுங்காகப் படித்திருந்தால் நவம்பர் பத்தாம் தேதியே முடிந்திருக்கும். கடைசி நாளுக்கு ஐம்பத்தொரு நாள் மிச்சம் இருந்திருக்கும். தாமதம் என்னால் வந்தது.

சூசைமரியான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, “நீங்க என்னை நம்பலைய்யா. அம்புட்டுத்தான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞானபூரணி ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். “எழுதுங்கய்யா.”

“என்னத்தை எழுத? மேல்முறையீடு பத்தி இதுல ஒண்ணுமே இல்லையே.”

“இப்ப எங்க அண்ணன்கிட்டச் சொன்னதை அவுகளுக்கு எழுதுங்க. தேதி தவறுனது எங்க அண்ணனால இல்ல, நிரலாலயும் இல்ல, நீங்க கோட்டைப் படிக்காததாலன்னு எழுதுங்க. பேரு, விலாசம் போட்டு எழுதுங்க.”

எழுதினேன். நாற்பத்தோரு ஆண்டுப் பணியில் என் பிழையை ஒப்புக்கொண்டு நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதவேண்டிய அவசியம் வந்ததில்லை என்று நினைத்திருந்தேன். எத்தனை முறை பிறருடைய கோடுகளை வெற்றிடம் என்று ஏற்றியிருக்கிறேனோ, யாரும் வந்து சொல்லாததால் எனக்குத் தெரியவில்லை. கடிதம் இரண்டு பக்கம் வந்தது. ஞானபூரணி அதை வாங்கிப் படித்து, ஒரு பத்தியை அடித்தார். அது பிரணப்பின் விடுமுறையைப் பற்றியது.

“இது வேணாம்யா. அவரு மேல பழி போடுற மாதிரி இருக்கு.”

6.3.2025 அன்று என் கையெழுத்தோடு பதிவு அஞ்சலில் போனது.

அந்த நாள்களில் ஞானபூரணி கல்லூரிக்குப் போனார், மதிப்பெண் ஏற்றினார், மாலையில் நிரலைத் திறந்து உட்கார்ந்தார். யாரோ ராஜஸ்தானிலிருந்து அனுப்பிய திருத்தத்தைச் சோதித்துக் கொடுத்தார். என்னிடம் பேசினார், ஆனால் ‘சரிபாக்கக்கூட வேண்டியதில்ல’ என்று எதையும் கொடுக்கவில்லை. நான் ஏற்றிக் கொடுத்த எதையும் மூன்று முறை பார்த்தார். அது நியாயம். இருந்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் மேல் இல்லை.

பதில் கடிதம் என் பெயருக்கு வந்தது. சூசைமரியான் அளவுகோலைத் தோண்டி எடுக்க ஆள் பார்க்கப் போயிருந்தார். ஞானபூரணி கல்லூரியில் இருந்தார். தேனம்மைதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே இரண்டு வரி: ‘தங்கள் கடிதம் பெறப்பட்டது. மேல்நடவடிக்கை ஏதும் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டு, கோப்பு முடிக்கப்படுகிறது.’ வந்து சேர்ந்த நாள் 24.3.2025, திங்கட்கிழமை.